தொடாமல் அளவெடுத்த பெட்டி

உங்கள் வீட்டில் யாரும் தொடக்கூடாத சாமான் என்று ஒன்று இருக்கிறதா? இருந்தால், அதை நீங்கள் கடைசியாகத் தொட்டது எப்போது?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தணிகாசலம் மாஸ்டர் வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. அதற்குக் கண்ணாடிப் பெட்டி செய்ய அளவெடுக்க வந்த அக்பர் பாய் ஏசி ரூம் வாசலில், கையில் டேப்போடு நின்றுகொண்டிருந்தார்.

“உள்ள வரலாமா மாஸ்டர்?”

“செருப்பு?”

“தெருவுலயே உட்டுட்டேன்.”

“கை கழுவினியா?”

“சோப்பு போட்டு.”

“சரி. அங்கயே நில்லு. அங்க இருந்தே அளவு எடு.”

அக்பர் பாய்க்கு வயது ஐம்பத்திரண்டு. சொந்தமாகக் கண்ணாடிக் கடை. படத்துக்கு ஃப்ரேம் போடுவார், மீன்தொட்டி கட்டுவார், கொலு பொம்மைக்குப் பெட்டி செய்வார். ஆனால் சின்ன வயதில் இதே வீட்டில் டைப்ரைட்டிங் கற்று, லோயர் பரீட்சையில் இரண்டு தடவை பெயிலானவர். அந்தப் பயம் போகவில்லை.

“மாஸ்டர், தொடாம எப்டி அளவு எடுக்கறது? நான் என்னா ஜோசியமா பாக்கறேன்?”

“உன் கண்ணு எதுக்கு இருக்குது? பாத்து சொல்லு.”

பாய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பெருவிரலை நீட்டிப் பார்த்து, குத்துமதிப்பாக நாலு எண்ணைச் சீட்டில் எழுதிக்கொண்டார். முதல் தப்பு அங்கேதான் நடந்தது.

உள்ளே மேசைமேல் இருந்தது ஒரு கம்ப்யூட்டர். தொண்ணூற்றிரண்டில் வாங்கியது. அந்தத் தெருவுக்கே முதல் கம்ப்யூட்டர். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போர்டில் ‘அண்ட் கம்ப்யூட்டர்’ என்று சேர்த்து எழுதிய அன்று, தறியை நிறுத்திவிட்டு ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்கென்று ஒரு அறை, அந்த அறைக்கு ஏசி. மாஸ்டர் மனைவி அம்சவேணி அம்மாள் அதுவரை ஏசியை சினிமா தியேட்டரில்தான் பார்த்திருந்தாள். வீட்டுக்கு ஏசி வந்தது, ஆனால் அது கம்ப்யூட்டருக்கு.

பிறகு புது மெஷின்கள் வந்தன. இது ராசியான மெஷின் என்று மாஸ்டர் நிறுத்தி, உறை போட்டு, அறையைப் பூட்டினார். வருஷத்துக்கு ஒரு நாள், ஆயுதபூஜைக்கு, மானிட்டரின் நெற்றியில் சந்தனம் வைப்பார். அவ்வளவுதான். முன்பு பாலாடை நிறத்தில் இருந்தது இப்போது பால் குறைந்த டீ நிறத்துக்கு வந்திருந்தது. இன்ஸ்டிட்யூட்டை மூடியே பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. மெஷின்களெல்லாம் எடைக்குப் போயின. இது மட்டும் போகவில்லை.

இப்போது திடீரென்று கண்ணாடிப் பெட்டி எதற்கு? பாலாஜி வருகிறான்.

பாலாஜி ஒரே பிள்ளை. கனடாவில் இருக்கிறான். ஒன்பது வருஷமாக வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வரும்.

“நல்லா இருக்கீங்களாப்பா?”

“இருக்கேன். சாப்ட்டியா?”

“சாப்ட்டேன். அம்மாகிட்ட குடுங்க.”

ஒன்பது வருஷமும் இதே மூன்று வரிதான். பத்தாவது படிக்கும்போது பாலாஜி ஒரு நாள் அந்த அறைக்குள் போய் கம்ப்யூட்டர் ஸ்விட்சில் விரலை வைத்துவிட்டான். விரல்தான் வைத்தான், அமுக்கக்கூட இல்லை. மாஸ்டர் ஸ்கேலை எடுத்து, இருபது ஸ்டூடண்ட்டுகள் பார்க்க, அந்த விரலிலேயே அடித்தார். “இன்னொரு தபா தொட்டா கைய முறிச்சிடுவேன்” என்றார். பையன் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று மாஸ்டர் இன்றுவரை நினைக்கிறார். அன்றிலிருந்து அப்பாவுக்கு மூன்று வரிதான்.

போன மாசம் அந்த மூன்று வரி ஏழு வரியாயிற்று.

“அப்பா, அடுத்த மாசம் வேலையா மெட்ராஸ் வரேன். ஒரு நாள் அங்க வரலாம்னு.”

“வாடா.”

“அந்த சிஸ்டம் இன்னும் இருக்குதாப்பா?”

“இருக்குதுடா. அப்டியே இருக்குது.”

“யாராச்சும் தொறந்தாங்களா?”

“யாரையும் தொடவே உட்டதில்லடா!”

பிறகு, “சரிப்பா” என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

போனை வைத்ததும் மாஸ்டர் அம்சவேணியைத் தேடிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். எழுபத்து நாலு வயசில், இடுப்பில் பெல்ட்டோடு ஓடினார்.

“அவன் மறக்கல அம்சா! அதைப் பத்தி கேக்கறான். மனசுல வச்சிக்கினே இருந்துக்கிறான்.”

கடுகு தாளித்துக்கொண்டிருந்த அம்சவேணி அதைக் கருக விட்டுவிட்டாள்.

“என்னா கேட்டான்?”

“யாராச்சும் தொறந்தாங்களான்னு கேட்டான். எவ்ளோ அக்கறை பாரு.”

“ம்” என்றாள் அம்சவேணி.

அன்று மாஸ்டர் முடிவு செய்தார். வெளிநாட்டில் பழைய கம்ப்யூட்டர் சேர்க்கிறவர்கள் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பாதுகாப்பதை யூடியூபில் பார்த்தார். தூசி கூடாது, வெயில் கூடாது, பூச்சி கூடாது. அதுமாதிரி ஒரு பெட்டியில் வைத்து, பையன் வந்ததும் பெட்டியோடு காட்டி, ஒரே ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். ‘எடுத்துக்கோடா, இது உன்னுது.’ தினமும் குளிக்கும்போது அதைச் சொல்லிப் பார்த்தார். ‘எடுத்துக்கோடா’ வரை சரியாக வந்தது. அதற்கப்புறம் இன்னொரு சொம்பு தண்ணீரை ஊற்றிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பெட்டி வந்தது. தட்டுவண்டியில் நாலு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

“என்னா பாய், இவ்ளோ பெருசு?”

“நீங்கதான மாஸ்டர் தொடாம அளவு எடுன்னீங்க? சின்னதாப் போயிட்டா திட்டுவீங்கன்னு எல்லாப் பக்கமும் ஒரு சாண் கூட போட்டேன்.”

பெட்டி ஏசி ரூம் கதவுக்குள் நுழையவில்லை. நேராக, சாய்த்து, படுக்கவைத்து என்று எல்லாவிதமாகவும் பார்த்தார்கள். கடைசியில் ஹாலிலேயே, டிவி இருந்த இடத்தில், இறக்கிவைத்தார்கள். கம்ப்யூட்டர்தான் பெட்டியைத் தேடி வெளியே வரவேண்டும் என்றாயிற்று.

மாஸ்டருக்கு டாக்டர் வாளி தூக்கவே தடை போட்டிருந்தார். மானிட்டரை அக்பர் பாய் தூக்கினார். முகம் சிவந்து, மூச்சு வாங்க, “யா அல்லா” என்றுகொண்டே வந்தார். பின்னாலேயே கங்கையம்மாள் வந்தாள். கங்கையம்மாள் முப்பது வருஷமாக அந்த வீட்டைக் கூட்டுகிறவள். ஒரு கையில் துடைப்பம். இன்னொரு கையில், கம்ப்யூட்டரின் அந்தப் பெரிய தகரப் பெட்டி, இட்லித் தட்டு மாதிரி.

“ரெண்டு கையால புடி கங்கையம்மா!” என்று கத்தினார் மாஸ்டர்.

அவள் உடனே துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்தாள். முகத்தைக்கூடக் கொஞ்சம் சுளித்துக்கொண்டாள்.

அக்பர் பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். “மாஸ்டர், டிவி மாதிரி இருக்கறது இவ்ளோ கனம் கனக்குது. மூளை இருக்கற பொட்டி இதுதானே, இது இவ்ளோ லேசா இருக்குதே?”

“மூளை எங்கயாச்சும் கனக்குமா? உன்னுது உனக்கு கனக்குதா?”

பாய் லோயரில் பெயிலானதை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார்.

உள்ளே வைத்துப் பார்த்தால் பெட்டியில் பாதிக்குமேல் காலி.

“பெரிய தொட்டியில ஒத்த மீனை உட்டா மாதிரி இருக்குது” என்றாள் அம்சவேணி.

அது மாஸ்டரைச் சுட்டது. நிறைவாகத் தெரிய என்ன செய்யலாம்? அடியில் ஒரு பட்டு விரித்தால் எடுப்பாக இருக்கும். பீரோவில் இருந்து தன்னுடைய கல்யாணப் பட்டு வேட்டியை எடுத்துவந்து விரித்தார்.

“ஏங்க, நாப்பத்தஞ்சு வருஷமா பொத்திப் பொத்தி வச்சிருக்கேன் அதை!”

“இங்கயும் பத்திரமாத்தான் இருக்கப் போவுது. எட்டு எம்எம் கண்ணாடி!”

பட்டு வைத்தால் பூச்சி வரும். பூச்சி வராமல் இருக்கப் பாச்சை உருண்டை வைக்கவேண்டும். அந்த உருண்டை ஜரிகைமேல் பட்டால் ஜரிகை கறுத்துப்போகும். காஞ்சிபுரத்தில் இது பிறந்த குழந்தைக்கும் தெரியும். மாஸ்டருக்கும் தெரியும். அதனால் மிகவும் ஜாக்கிரதையாக, ஜரிகையில் ஒன்றுகூடப் படாமல், உருண்டைகளையெல்லாம் கம்ப்யூட்டர்மேல் வைத்தார். மானிட்டர்மேல் பத்து. தகரப் பெட்டியின் பின்பக்கம் காற்றோட்டத்துக்கான ஓட்டைகள் ஓரமாக ஒரு பொட்டலம். மீதி எட்டு இருந்தது. டைப்ரைட்டிங் மாஸ்டர் அல்லவா? கீபோர்டில் எட்டு விரல் வைக்கும் எட்டு எழுத்தின்மேலும் ஒழுங்காக ஒவ்வொன்று வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். ஒரு நல்ல ஸ்டூடண்ட் கை வைத்த மாதிரி இருந்தது.

அக்பர் பாய் முன்பக்கக் கண்ணாடியை வைத்து, மீன்தொட்டிப் பசையை நாலு ஓரமும் பிதுக்கினார்.

“மாஸ்டர், உள்ள தண்ணிய ரொப்பினாலும் ஒரு சொட்டு வெளிய வராது.”

“தண்ணி எதுக்குய்யா நான் ரொப்பறேன்?”

“ஒரு கியாரண்டிக்கு சொன்னேன். நாளைக்கு வரைக்கும் தொடாதீங்க, காயணும்.”

“தொடாம இருக்கறது எனக்கா கத்துத் தர?”

மேலே மீன்தொட்டிக்குப் போடுகிற மாதிரி ஒரு மூடி, அதையும் பசை வைத்து ஒட்டினார், அதில் இரண்டு அறுபது வாட் குண்டு பல்பு. போட்டதும் பட்டு வேட்டி தகதகவென்றது. மாஸ்டர் இரவு முழுக்க விளக்கை அணைக்கவில்லை.

புதன்கிழமை காலை ஹாலுக்கு வந்தவர் கண்ணைக் கசக்கினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். மறுபடி கழற்றினார்.

“அம்சா! ஆபரேஷன் பண்ண கண்ணுல மறுபடியும் பொரை வந்துட்டாப்ல இருக்குது!”

அம்சவேணி வந்து பார்த்தாள். “உங்க கண்ணு நல்லாத்தான் இருக்குது. பொட்டிக்குத்தான் பொரை.”

பெட்டி முழுக்க வெள்ளை. பல்பு சூட்டில் பாச்சை உருண்டை ஆவியாகி, வெளியே போக வழியில்லாமல், நாலு கண்ணாடியிலும் உறைபனி மாதிரி படிந்திருந்தது. உள்ளே கம்ப்யூட்டர் இருப்பதே தெரியவில்லை.

“நாளைக்குக் காலையில புள்ள வந்துருவானே!”

மாஸ்டர் யோசித்தார். சூட்டில் வந்தது சூட்டில்தானே போகும்? வெந்நீர் வைக்கச் சொன்னார். துண்டை நனைத்துப் பிழிந்து, கண்ணாடிக்கு ஒத்தடம் கொடுக்க ஆரம்பித்தார். உண்மையிலேயே கலைந்தது. முன்பக்கம் ஒரு தாம்பாளம் அளவுக்குத் தெளிந்து, மானிட்டரின் மூக்கு தெரிந்தது.

“பாத்தியா!”

“இந்தாண்ட கலைஞ்சது அந்தாண்ட போயி குந்திக்கினுதுங்க” என்றாள் பின்பக்கம் நின்ற கங்கையம்மாள்.

மாஸ்டர் பின்பக்கம் போய் ஒத்தடம் கொடுத்தார். அது இடதுபக்கம் போயிற்று. இடதுபக்கம் கொடுத்தார். மறுபடி முன்பக்கம் வந்தது. முழங்கால் வலிக்க நாலு சுற்று சுற்றினார். ஐந்தாவது சுற்றில் தண்ணீர் இன்னும் சூடாக இருக்கட்டும் என்றார். கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து கொடுத்தாள் அம்சவேணி. துண்டை வைத்தார்.

டிக்.

சின்னச் சத்தம்தான். முன்கண்ணாடியில் மேல்மூலையிலிருந்து கீழ்மூலைவரை ஒரு கோடு ஓடியது, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி.

மாஸ்டர் துண்டைக் கீழே போட்டார். கங்கையம்மாள்தான் மெதுவாக, “ஒரு விதத்துல பாத்தா அழகாத்தான் இருக்குது மாஸ்டரு” என்றாள்.

அக்பர் பாய்க்குப் போன் போயிற்று. வந்து பார்த்தவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“ஒத்தடமா? கண்ணாடிக்கா? என்னா மாஸ்டர், அதுக்கு மூட்டுவலியா?”

“பேசாத. தொற.”

“தொறக்க முடியாதுன்னுதானே கியாரண்டி குடுத்தேன்.”

கடைசியில் பட்டு நூலை நாலு இழையாக முறுக்கி, ஒரு முனையைப் பாயும் மறுமுனையைக் கங்கையம்மாளும் பிடித்துக்கொண்டு, ரம்பம் மாதிரி இழுத்துப் பசையை அறுத்தார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டி இரண்டரை மணிக்குக் கண்ணாடி கழன்றது. ஒரு வருஷத்துப் பீரோ நாற்றம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

பட்டு வேட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜரிகை பளபளவென்று இருந்தது. கீபோர்டுக்குத்தான் ஆகியிருந்தது. உருண்டை உட்கார்ந்த எட்டு எழுத்தும் இளகி, எட்டுக் குழி விழுந்து, பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன. மாஸ்டர் குனிந்து பார்த்தார். ஐயாயிரம் பேருக்குக் கை வைக்கக் கற்றுக்கொடுத்த எட்டு எழுத்து.

“நானே கெடுத்துட்டேன்” என்றார். “ஒருத்தனைத் தொட உடல. பொத்திப் பொத்தி வச்சி, கடைசியில நானே கெடுத்துட்டேன்.”

“உடுங்க, கீபோர்டுதான. மூளை நல்லா இருந்தா சரி” என்றார் பாய், ஆறுதலாக.

அந்த ஆறுதல்தான் வினையாயிற்று. மாஸ்டர் சட்டென்று தகரப் பெட்டியின் பின்பக்கம் பார்த்தார். ஓட்டைகள் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

“பாய்! உள்ள போயிருக்குது. மூளை மேல படிஞ்சிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் எடு. தொறந்து தொடைச்சிடு.”

“தொறக்கறதா?” என்று மூன்று குரல் ஒன்றாகக் கேட்டது.

“வேணாங்க” என்றாள் அம்சவேணி. “இப்ப ராவுகாலம்.”

“புதன்கெழமை ராவுகாலம் ஒன்றரைக்கே முடிஞ்சிடுச்சு.”

“அப்ப எமகண்டம்.”

“அது காலையிலயே போயிடுச்சு. உனக்கு என்னா ஆச்சு?”

“மாஸ்டரு, நான் வெளியாலயே நல்லா தொடைச்சிடறேன்” என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகரப் பார்த்தாள் கங்கையம்மாள். ஒரு கையால்தான்.

“வையி அதை!”

வைத்தாள். பாயின் கருவிப் பையைத் தன் புடவைத் தலைப்பில் மூடிக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தாள். ஆனால் ஸ்க்ரூ டிரைவர் பாயின் சட்டைப் பையிலேயே இருந்தது. முதல் ஸ்க்ரூ கழன்றது. இரண்டாவது. அம்சவேணி சமையலறைக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். நாலாவது ஸ்க்ரூ தரையில் உருண்டது. பாய் மூடியைத் தூக்கினார்.

உள்ளே ஒன்றும் இல்லை.

ஒரு பல்லி இருந்தது. அதுவும் எப்போதோ செத்து, அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. மற்றபடி காலித் தகரம்.

அக்பர் பாய் எட்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். “மாஸ்டர், எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் டைப்ரைட்டிங்லயே பெயிலு. ஆனா உள்ள ஏதாச்சும் இருக்கணும் இல்ல?”

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். “எவனோ திருடிட்டான். ஏசி ரூம் பூட்டு, என் இடுப்புல சாவி. எவன் வந்திருப்பான்? போலீஸுக்குப் போன் பண்ணு பாய்.”

“போலீஸெல்லாம் வேணாங்க மாஸ்டரு” என்றாள் கங்கையம்மாள் பையின்மேல் உட்கார்ந்தபடியே. “தம்பிதாங்க எடுத்துச்சு.”

“எந்தத் தம்பி?”

“நம்ம பாலாஜித் தம்பி. நீங்க வெரல்ல அடிச்சீங்க பாரு, அது வீக்கம் எறங்கினதும் ஆரம்பிச்சுது. தெனம் ஒண்ணா, நீங்க மத்தியானம் தூங்கறப்ப.”

“சாவி?”

“தூங்கறப்ப இடுப்புல இருந்து எறங்கிடுங்க. நான்தான் எடுத்துக் குடுப்பேன்.”

“அம்சா!” என்று கூப்பிட்டார் மாஸ்டர். “கேட்டியா இவ சொல்றதை? உனக்குத் தெரியாம இந்த வூட்டுல...”

“அம்மாதாங்க டார்ச்சு புடிச்சாங்க” என்றாள் கங்கையம்மாள்.

அம்சவேணி சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். மறைக்க இனி ஒன்றுமில்லை என்ற நிம்மதி அவள் முகத்தில் இருந்தது.

“மதர்போர்டுக்கு ஆறு ஸ்க்ரூ” என்றாள். “அஞ்சு வந்துடுச்சு. ஆறாவது கீழ உழுந்து உருண்டுச்சு. நீங்க அந்தாண்ட ரூம்ல பொரண்டு படுத்தீங்க. எனக்கு உசுரே போயி வந்துச்சு.”

கம்ப்யூட்டர் என்ற சொல்லையே தன் பெண்டாட்டி சரியாகச் சொல்லி மாஸ்டர் கேட்டதில்லை. இப்போது அவள் வாயில் மதர்போர்டு, தண்ணிப் பானை மாதிரி சர்வசாதாரணமாக வந்தது.

“எடுத்து என்னா பண்ணான்?”

“எங்க வூட்டுக் கட்டிலுக்கு அடியில வச்சி மாட்டுச்சுங்க” என்றாள் கங்கையம்மாள். “கெட்டுப் போச்சுன்னு நீங்க தூக்கிப் போடச் சொன்னீங்களே ஒரு மானிட்டரு, அதை அதுவே சரி பண்ணிச்சு. பிளஸ் டூ வரைக்கும் எங்க வூட்டுலதான் படிப்பு. காலேஜிக்குப் போவச்சொல்ல எல்லாத்தையும் ஒரு சாக்குல கட்டி எடுத்துக்கினு போயிடுச்சு.”

மாஸ்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார். “ஓடிச்சா?”

“ஓடிச்சே! நான்தான் மொதல்ல சுச்சு போட்டேன். தம்பி போடல. வெரலை மடக்கிக்கினு, நீயே அமுக்கு கங்கம்மான்னுச்சு.”

இருபத்தைந்து வருஷமாக மாஸ்டர் காலித் தகரத்துக்குச் சந்தனம் வைத்திருக்கிறார். அதற்கு ஏசி போட்டிருக்கிறார். அதைத் தொட வந்ததற்காக உறவுக்காரப் பிள்ளைகளை விரட்டியிருக்கிறார். அதெல்லாம் அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. ‘யாராச்சும் தொறந்தாங்களா’ என்று போனில் கேட்ட குரல்தான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கறை என்று நினைத்திருந்தார். நாற்பது வயது ஆம்பிள்ளை, ஊர் ஊராகச் சம்பாதிக்கிறவன், அப்பா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டாரோ என்று பயந்துகொண்டு கேட்டிருக்கிறான்.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அம்சா.”

“சொல்லியிருந்தா என்னா பண்ணியிருப்பீங்க?”

மாஸ்டர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். என்ன பண்ணியிருப்பார் என்று அவருக்கே தெரியும்.

“ஒவ்வொரு தபா போன் பண்றப்பவும் கேப்பான்” என்றாள் அம்சவேணி. “அப்பாவுக்குத் தெரிஞ்சிடுச்சாம்மான்னு. தெரியலடான்னா, இந்த வருஷம் லீவு கெடைக்கலம்மாம்பான்.”

அக்பர் பாய் எழுந்து போவதா இருப்பதா என்று தெரியாமல் பல்லியை மட்டும் எடுத்து வெளியே போட்டுவிட்டு வந்தார்.

“மூடு பாய்” என்றார் மாஸ்டர். “நாலு ஸ்க்ரூவும் போடு. தொறந்த மாதிரியே தெரியக்கூடாது.”

“உள்ளதான் ஒண்ணும் இல்லியே மாஸ்டர்.”

“அது எனக்குத் தெரியாது. நாளைக்கு அவன் வரான். எனக்கு ஒண்ணும் தெரியாது. யாரும் வாயத் தொறக்கக்கூடாது.”

“எனக்குத் தெரியுமே” என்றாள் அம்சவேணி.

“உனக்குத் தெரியும். ஆனா எனக்குத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும். புரியுதா?”

“இருபத்தஞ்சு வருஷமா அதைத்தானே பண்ணிக்கினு இருக்கேன்.”

விரிசல் விட்ட முன்கண்ணாடியை மறுபடி ஒட்டவேண்டாம் என்றார் மாஸ்டர். பாய் அதைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, காசு பேச்சே எடுக்காமல் போனார். மாஸ்டர் ஒரு துணியை எடுத்து, தகரப் பெட்டிமேல் இருந்த வெள்ளையைத் தானே துடைத்தார். அப்போதுதான் கவனித்தார். வாங்கியதிலிருந்து அவரும் அதைச் சரியாகத் தொட்டதில்லை.

மறுநாள் காலை ஆறேமுக்காலுக்கு பாலாஜி வந்தான். முன்நெற்றியில் முடி போயிருந்தது. இரண்டு சூட்கேஸ் கொண்டுவந்தான். சின்னதை மாஸ்டர் வாங்கப் போனபோது, “நானே தூக்கறேன்பா” என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஹாலில் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்ததும் நின்றான்.

“பத்திரமா வச்சிருக்கீங்கப்பா.”

“ஆமாண்டா.”

“யாரும் தொறக்கலியே?”

“யாரு தொறப்பா?” என்றார் மாஸ்டர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. “அப்டியே இருக்குது.”

காபி குடித்தார்கள். மாஸ்டர் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. பாலாஜி சின்ன சூட்கேஸைக் காலுக்கருகில் இழுத்து வைத்துக்கொண்டான். பிறகு, தனக்குத் தூக்கம் வருகிறது, நீங்கள் இரண்டு பேரும் கோயிலுக்குப் போய்விட்டு வாருங்கள் என்றான். அவர்கள் கச்சபேஸ்வரர் கோயிலுக்குப் போய் பிராகாரத்தை மெதுவாகச் சுற்றிவிட்டு ஒன்பது மணிக்குத் திரும்பினார்கள். பாலாஜி சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தான். கங்கையம்மாள் ஹாலைக் கூட்ட வந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் தூசி தட்டலாம் என்று, ஒரு கையில் துடைப்பத்தோடு, இன்னொரு கையால் தகரப் பெட்டியைத் தூக்கினாள். வரவில்லை. துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தூக்கினாள்.